மூன்றாவது படி

ஜூலை 4

வாலுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துவிட்டு, சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டால் எழுதியிருக்கிறேனோ என்று நினைக்காதே. பேனா பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. பிரஷ் பிடிக்கிற மாதிரி பிடித்தால்தான் கை கேட்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று உனக்குத் தெரியும். அந்த எட்டிலும் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன் என்பதை உன் அம்மா சொல்லாமல் விட்டிருக்க மாட்டாள்.

உங்கள் தீயணைப்புப் பயிற்சி மையத்தில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்களாமே. ஒரு வகையில் நல்லது. போன் இருந்தால் நான் ஏதாவது பேசுவேன், நீ பாதியில் கட் பண்ணுவாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நீ படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

நீ கிளம்பின அன்று வாசலில் நின்றுகொண்டு, "ஒரு மாசத்துல திரும்பி வந்து நிப்பே, பாரு" என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். 'ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவாள்.' கீழே தேதி. இன்றோடு ஏழு வாரம். உன் அம்மா தினமும் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, அந்த எழுத்துக்கு நேர் எதிரேதான் எனக்குச் சாப்பாட்டுத் தட்டை வைக்கிறாள். குழம்பு மட்டும் ஊற்றுகிறாள்.

வேறு விசேஷம் இல்லை. இடது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி இருக்கிறது. பத்து அடி நடந்தால் விட்டுவிடுகிறது. சாயங்காலம் ஏணியை விட்டு இறங்கும்போது மறுபடி ஆஜர். அந்த முதல் பத்து அடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நான் அடித்த பெயிண்ட் எவ்வளவு வழவழப்பு என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. கை நிற்க மாட்டேன் என்கிறது.

அம்மா உன்னைச் சாப்பிடச் சொன்னாள்.

அப்பா

ஜூலை 10

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் தெரிவிக்கவும்.

எங்கள் அணியில் இருபத்தெட்டுப் பேர். பெண்கள் ஆறு பேர். ஏணிப் பயிற்சியில் நான் முதலாவதாக வந்திருக்கிறேன். மற்றவர்கள் படியைப் பார்த்துப் பார்த்து ஏறுகிறார்கள். நான் பார்ப்பதில்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து உங்கள் ஏணியில் தொங்கியவள் என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை. இறங்கும்போது மூன்றாவது படியிலிருந்து குதித்துவிடுகிறேன். அதில் நான்கு நொடி மிச்சம். பயிற்சியாளர், "இது யாரு கத்துக் கொடுத்தது?" என்று கேட்டார். "வீட்டுப் பழக்கம், சார்" என்றேன்.

சுவரில் எழுதியதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

உங்கள் காலை மருத்துவரிடம் காட்டவும். எனக்கும் குதிகால் கொஞ்சம் வலிக்கிறது. இங்கே எல்லோருக்கும் எங்கேயாவது வலிக்கிறது. திரும்பி வரப்போகிறேன் என்பதற்கு அறிகுறியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

ஜூலை 16

வாலுக்கு,

'மதிப்பிற்குரிய' என்று போட்டிருந்தாய். உறையைத் திருப்பி, வேறு யாருக்காவது வந்த கடிதமா என்று பார்த்தேன். அம்மா படித்துவிட்டு, "கோவமா இருக்கா, ஆனா நாலு நொடி கதையைச் சொல்லியிருக்கா. அப்பாகிட்ட பீத்திக்கிறதுக்குத்தான்" என்றாள். எனக்கு அந்த நான்கு நொடியை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி முடிக்கவே இரண்டு நாள் ஆனது.

டாக்டரிடம் போகவில்லை. தேவையில்லாத அளவுக்கு எனக்கு ஆலோசனை கிடைத்துவிட்டது. கொத்தனார், "தரை குளிர்ச்சி ஏறியிருக்கு" என்றார். எதிர்வீட்டு டிரைவர், "உடம்பைக் குறைங்க, ஏணி பாவம்" என்றார். நான் கேட்டது காலைப் பற்றி, அவர் ஏணிக்காகப் பரிந்து பேசுகிறார். டீக்கடைக்காரர்தான் உறுதியாகச் சொன்னார்: "அது முள்ளுங்க. குதிகால்ல முள் வளரும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்குக்குக் கீழே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊக்கைச் சுட்டுத் துடைத்து, முள்ளைத் தேடினேன். அரை மணி நேரம். உன் அம்மா வந்து பார்த்தாள். "என்ன தோண்டுறீங்க?" "முள்." "எப்ப குத்துச்சு?" "குத்தல, வளர்ந்திருக்கு." அவள் ஊக்கைப் பிடுங்கித் தன் சேலையில் குத்திக்கொண்டு போய்விட்டாள். இப்போது ஒரு வலிக்கு இரண்டு வலி.

உன் வலி எப்படி? எந்த இடம், எப்போது என்று விவரமாக எழுது. கொத்தனாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா

ஜூலை 22

அப்பா,

சீக்கிரம் எழுதுகிறேன், பத்து நிமிஷம்தான் இருக்கிறது. தயவுசெய்து ஊக்கை எடுக்காதீங்க.

எனக்கு வலது குதிகால். காலையில் அவ்வளவாக இல்லை. தினமும் இரும்பு முனை வைத்த பூட்ஸோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறோம். ஓட ஓட ஏறுகிறது. முதலில் ஓடி முடித்ததும் அடங்கிவிடும். இப்போது படுத்திருந்தாலும் விண் விண் என்று இருக்கிறது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுகிறேன். என் அறையில் இருக்கிற நெட்டைக்கும் குதிகால் வலிதான், ஆனால் அவளுக்குப் பின்பக்கம், பூட்ஸின் விளிம்பு உரசுகிற இடத்தில். அவள் பஞ்சு வைத்தாள், சரியாகிவிட்டது. எனக்கும் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இறுதித் தேர்வு ஆகஸ்ட் 20. தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, ஆறு மாடி ஏறி இறங்க வேண்டும். அதில் விழுந்தால் வெளியே, மறுபடி சேரவே முடியாது. இங்கே மருத்துவரிடம் போனால் ஓடாதே என்று உட்கார வைத்துவிடுவார்கள். போகமாட்டேன். தேய்க்கிற மருந்து ஏதாவது நல்லதாக இருந்தால் கேட்டு எழுதுங்க. இன்னும் நான்கு வாரம் இந்தக் கால் தாங்கினால் போதும். அப்புறம் அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று எழுதினீர்கள் இல்லையா. அதற்காகவே ஓடுவேன்.

வாலு

ஜூலை 29

வாலுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே எலும்பு டாக்டரிடம் போனேன். என் காலுக்காகப் போகவில்லை. உனக்கு மருந்து கேட்கப் போனேன். ஆனால் ஊரில் இல்லாத காலுக்கு மருந்து கேட்டால் தரமாட்டார்கள் என்று யோசித்து, உன் வலியையும் என் வலியோடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தேன். எட்டாம் வகுப்பு மூளை, அதுவும் இரண்டு வருஷம் ஊறினது.

டாக்டர் அம்மாவுக்கு உன்னைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும். "எப்ப வலிக்குது?" என்று கேட்டார்.

"காலையில முதல் அடி. நடக்க நடக்கச் சரியாயிடும்."

எழுதிக்கொண்டார்.

"அப்புறம் ஓட ஓட ஏறும். படுத்தாலும் விண் விண்ணுன்னு இருக்கும்."

பேனா நின்றது. "ஓடுவீங்களா?"

"பஸ் பின்னாடி."

"எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வயிற்றைப் பார்த்தார். வயிற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"அஞ்சு கிலோமீட்டரும் பஸ் நிக்கலையா? சரி, எதைப் போட்டுக்கிட்டு ஓடுறீங்க?"

"பூட்ஸ். இரும்பு வச்சது."

"இப்ப கால்ல ரப்பர் செருப்புதான இருக்கு. பூட்ஸ் எங்க?"

"அது வேற ஊர்ல இருக்கு."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஐயா, நீங்க சொல்றது ஒரு கால் இல்ல. ரெண்டு பேரோட கால். அந்த இன்னொரு கால் யாருது?"

என்ன செய்ய, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலில் என் காலைப் பார்த்தார். குதிகாலுக்கு அடியில் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கூரைக்கு இன்னொரு கோட் வேண்டும். அப்புறம் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்துப் பிழிந்தார். வலிக்கவில்லை. பாதத்துக்கு அடியில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் ஒரு பட்டை நார் ஓடுகிறதாம். மெல்லிசான படியில் மணிக்கணக்காக நின்று, தேய்ந்த செருப்போடு நடந்து, வயிற்றையும் சுமந்து, அது குதிகாலில் ஒட்டுகிற இடத்தில் புண்பட்டிருக்கிறதாம். எக்ஸ்ரே படமும் எடுத்தார். டீக்கடைக்காரர் சொன்ன முள் நிஜமாகவே இருந்தது. ஆனால் "அதுதான் வலிக்குதுன்னு சொல்ல முடியாது. முள் இருந்தும் வலியே இல்லாம நிறைய பேர் நடக்குறாங்க" என்றார். ஊக்கு கதையைக் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டினார். திட்டு பாதி, சிரிப்பு பாதி.

இனிமேல் சிரிக்காமல் படி.

"உங்க மக விஷயம் வேற. ஓட ஓட ஏறுது, படுத்தாலும் விடலைன்னா எலும்புல விரிசல் விட்டிருக்கலாம். புதுசா பயிற்சிக்குப் போறவங்களுக்கு இது வரும். தெரியாம ஓடிக்கிட்டே இருந்தா விரிசல் உடைப்பாயிடும்" என்றார். பிறகு, "உயரத்துல இருந்து குதிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

மூணாவது படி என்றேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

எனக்கு நாலைந்து தடவை. உனக்கு அங்கே நாற்பது தடவை இருக்குமே என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

நீ ஒன்று செய்ய வேண்டும். நெட்டையை உன் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்துப் பிழியச் சொல். அடியில் அழுத்துவது இல்லை, பக்கவாட்டில். வலித்தால் அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் போ. வலிக்காவிட்டாலும் போகத்தான் சொன்னார். தேய்க்கிற மருந்து கேட்டேன். "எலும்புக்கு மேல தேய்ச்சா எலும்புக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

அப்பா

ஆகஸ்ட் 2

அப்பா,

எனக்கு மருந்து கேட்டேன், நீங்கள் எனக்கு விரிசல் அனுப்பியிருக்கிறீர்கள். பார்க்காத காலுக்கு அந்த டாக்டர் எப்படிச் சொல்வார்? முதல் நாளிலிருந்தே நான் இங்கே இருக்கக் கூடாது என்றுதான் சொல்லி வருகிறீர்கள். முதலில் நெருப்பு என்றீர்கள், அப்புறம் ஆண்கள் என்றீர்கள், இப்போது எலும்பு. நான் பிழிந்து பார்க்கமாட்டேன். இன்னும் பதினெட்டு நாள்.

ஆகஸ்ட் 3. மேலே உள்ளதை நேற்றே தபாலில் போட்டிருப்பேன், தபால் பெட்டி வரைக்கும் நடக்க முடியவில்லை. அதனால் நெட்டையைக் கூப்பிட்டேன். அவள் மெதுவாகத்தான் பிழிந்தாள். நான் அவள் தோளைக் கடித்துவிட்டேன். பிறகு அவள், "உங்க அப்பா டாக்டரா?" என்றாள். "பெயிண்டர்" என்றேன்.

விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தோம். தேர்வுக்கு முன்னால் மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்தால், குணமான பிறகு ஜனவரி அணியில் சேரலாம். தேர்வில் விழுந்தால் அவ்வளவுதான். எனக்குப் படிக்கத் தெரியும் அப்பா, புரிகிறது. ஆனால் ஜனவரி வரைக்கும் நான் எங்கே இருப்பது? வீட்டுக்குத்தான் வர வேண்டும். வந்தால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது உண்மையாகிவிடும். மாதக் கணக்குதான் கொஞ்சம் தப்பு. தினமும் சாப்பிடும்போது எதிரே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அதற்கு ஓடியே உடைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

இன்னும் முடிவு பண்ணவில்லை.

வாலு

ஆகஸ்ட் 7

வாலுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து ஒரு தடவை.

சுவர் முடிந்தது. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பென்சிலை அழுத்தி எழுதியிருந்தேன், பள்ளம் விட்டிருந்தது. பட்டி பூசி, காயவிட்டு, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட். ஒரு வரியை அழிக்க முழுச் சுவருக்கான வேலை. ஒரு சுவரை மட்டும் அடித்தால் மற்ற மூன்றும் அழுக்காகத் தெரியும் என்று முப்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொன்னவன், என் வீட்டில் மறந்துவிட்டேன். நாளைக்கு மற்ற மூன்றையும் அடிக்க வேண்டும். அம்மா பாத்திரத்தையெல்லாம் கூடத்தில் அடுக்கி வைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை மேற்பார்வை பார்க்கிறாள்.

'திரும்பி வந்துவிடுவாள்' என்று எழுதத் தெரிந்தது. திரும்பிப் போவாள் என்று ஒன்று இருக்கிறது, அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நெருப்புக்கு நான் பயந்தது நிஜம். இப்போதும் பயம்தான். அதற்கு மருந்து இல்லை, அதை நானே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குதி நான் கொடுத்தது. நீ ஐந்து வயசில் முதல் படியிலிருந்து குதித்தாய், நான் கை தட்டினேன். இரண்டாவதிலிருந்து குதித்தாய், தோளில் தூக்கிக்கொண்டேன். மூன்றாவதிலிருந்து குதித்தபோது தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இறங்கு என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். கால் உன்னுடையது. உடைந்த காலோடு நீ ஆறு மாடி ஏறிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழாவது மாடியில் யாராவது இருந்தால் என்ன செய்வாய்? அதை மட்டும் யோசி.

அப்பா

ஆகஸ்ட் 13

அப்பா,

8ஆம் தேதியே மருத்துவரிடம் போய்விட்டேன். உங்கள் கடிதம் 11ஆம் தேதிதான் வந்தது. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்க. சுவரை அழித்ததால் நான் போகவில்லை. சுவரில் அது இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அன்று காலை ஓட்டத்தில் கடைசியாக வந்தேன். நெட்டை எனக்காக மெதுவாக ஓடினாள், அவளுக்கும் என்னால் திட்டு. நேரே அங்கிருந்து மருத்துவரிடம் போனேன். சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியவில்லை. ஸ்கேனில் தெரிந்தது, முடி மாதிரி ஒரு கோடு. எட்டு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் எட்டு வாரம் எட்டு மாதமாகியிருக்கும் என்றார். பயிற்சியாளர் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை. அப்புறம், "ஜனவரி ஆறாம் தேதி காலையில ஏழு மணிக்கு இங்க நிக்கணும். ஏழு அஞ்சுக்கு வந்தா சேர்க்கமாட்டேன்" என்றார். நாலு நொடி மிச்சம் பண்ணினவள் நான், ஐந்து நிமிஷம் தாமதமாகவா வருவேன்.

வியாழக்கிழமை வருகிறேன். ஊன்றுகோலோடு வருவேன், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்க. கூட்டி வர யாரும் வர வேண்டாம். கையால் தூக்குகிற பயிற்சிகளுக்குத் தடை இல்லை, பட்டியல் எழுதி வாங்கியிருக்கிறேன். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியை எனக்கு விட்டுக்கொடுங்க, தொங்குவதற்கு.

உங்கள் காலுக்கும் இங்கே கேட்டேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே உட்கார்ந்தபடி பாதத்தைக் கையால் உங்கள் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்து எண்ணி, பத்து தடவை. தண்ணீர் பாட்டிலைக் குளிரவைத்துக் கீழே போட்டு, பாதத்தால் உருட்ட வேண்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும், எந்தச் சுவர் என்று உங்களுக்கே தெரியும். அந்த ரப்பர் செருப்பை நான் வருவதற்குள் தூக்கிப் போட்டுவிடுங்க. நான் வந்து பார்க்கும்போது இருந்தால் ஊன்றுகோலாலேயே தெருவுக்குத் தள்ளுவேன்.

வாலு

ஆகஸ்ட் 17

வாலுக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் வருமோ என்னவோ. வராவிட்டால் பரவாயில்லை, இந்த விஷயங்களை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

8ஆம் தேதியைக் குறித்துக்கொண்டேன். அம்மாவிடமும் சொன்னேன். "அப்ப நீங்க சுவரை வீணா அடிச்சீங்க" என்றாள். வீண் இல்லை, அடுப்படி பார்க்க நன்றாக இருக்கிறது.

செருப்பு போய்விட்டது. புதுசு வாங்கிவிட்டேன், குதிகால் பக்கம் மெத்தென்று இருக்கிறது. கொத்தனார் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்றார். காலையில் பாதத்தை இழுத்துப் பிடிக்கிறேன். வயிறு நடுவில் வருகிறது, அதைத் தாண்டித்தான் கை போக வேண்டும். முதல் பத்து அடி இப்போது ஆறு அடியாகியிருக்கிறது.

நேற்று ஒரு வேடிக்கை. பக்கத்துத் தெரு வீட்டில் வெளிச்சுவர் வேலை. சாயங்காலம் முடித்து இறங்கினேன். மூன்றாவது படி வந்தது. கால் தானாகவே குதிக்கத் தயாராகிவிட்டது, முப்பது வருஷப் பழக்கம். நிறுத்திக்கொண்டேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். கீழே வந்து வாளியைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், டீ வரவேயில்லை. அரை மணி நேரம் கழித்து அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் மேலேதான் இருக்கீங்கன்னு நெனச்சேன். குதிக்கிற சத்தம் கேக்கலையே" என்றார். இத்தனை நாளும் நான் குதித்த பிறகுதான் அவர் அடுப்பில் தண்ணீர் வைப்பாராம்.

இன்னொரு விஷயம், அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள். அடுப்படிச் சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது. நேற்று பென்சிலை எடுத்தேன். பள்ளம் விழாமல், அழுத்தாமல்தான் எழுதினேன்.

'ஜனவரி 6, காலை ஏழு மணி. திரும்பிப் போகிறாள்.'

எழுதினது ஸ்டூல் மேல் ஏறி நின்று. இறங்கும்போது குதிக்கவில்லை.

அப்பா